வர்க்கலாவில் மூன்று நாட்கள்

பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். அம்மாவுக்கு க்ஷேத்திரம் வேண்டும். ஜுஹூவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்னும் கடல் கேட்கிறார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். இருவருக்கும் பொதுவாகக் கேரளத்து வர்க்கலாவைத் தேர்ந்தெடுத்து, சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நேத்ராவதி எக்ஸ்பிரஸில் கிளம்பினோம்.

இங்கே செம்பாறைக் குன்று செங்குத்தாகக் கடலோரம் இறங்குகிறது. மேலே ஊர், கீழே பாபநாசம் கடற்கரை. நாரதர் எறிந்த வல்கலம், அதாவது மரவுரி, விழுந்த இடமாதலால் வர்க்கலா என்று பெயர் வந்ததாம்.

ஜனார்த்தன சுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பெருமாளின் வலக்கரம் ஆசமனம் செய்வதுபோல் வாயை நோக்கி உயர்ந்திருக்கிறது. அது வாயைத் தொட்டால் உலகம் முடியும் என்பது ஐதீகம். என் மகன் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் இடம் இருக்கு ஆச்சி" என்றான்.

மறுநாள் காலை பாபநாசத்தில் அப்பாவுக்குப் பலி கொடுத்தேன். மலையாளத்தில் பலி என்றால் நம் தர்ப்பணம், பிண்டம்தான். எங்களுக்குப் பாபநாசம் என்றால் தாமிரபரணிக் கரைதான். ஆனால் அம்பாசமுத்திரத்து வீட்டை விற்றுப் பல வருஷமாகிவிட்டது. அங்கே போய் இறங்க ஒரு திண்ணைகூட இல்லை. எள்ளும் தர்ப்பையும் பச்சரிசிச் சோறும் இலையில் வைத்து, பெரியவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அப்பா, தாத்தா வரை நான் சொன்னேன். அதற்கு மேலே அம்மா, பின்னால் நின்றபடி, ஆண் பெண் இருபக்கமும் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். அவர்களில் இருவர் பெயரை நான் அன்றுதான் கேட்டேன். என் மகள் அவ்வளவையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள், தேவநாகரி எழுத்தில். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியாதே" என்றாள். இரவு லாட்ஜில் பேத்தி வாசிக்க, அவள் உச்சரிப்பைத் திருத்த, பக்கத்திலேயே தமிழில் எழுதவைத்தாள். 'ழ' வருவதற்குத்தான் நேரமாயிற்று.

இந்தக் குன்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. செம்பாறைக்குக் கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலே இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. அதனாலேயே குன்று சரியவும் செய்கிறது. 2024 ஜூனில் பலி மண்டபத்துக்கு அருகே, சரிவு அபாயம் என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் குன்றின் ஒரு பகுதியை வெட்டியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. 2025இல் வர்க்கலா யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்தது. விளிம்பு வரை நெருக்கியடிக்கும் ஓட்டல்களைப் பார்த்தால், பட்டியல் மட்டும் போதாது என்றுதான் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் சிவகிரி. ஸ்ரீ நாராயண குரு 1928இல் சமாதியடைந்த இடம். 1925இல் காந்தியடிகள் அவரை இங்கே சந்தித்தார். குரு தமிழிலும் பதிகங்கள் பாடியவர் என்றதும் அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் நிலையத்தின் பெயர் வர்க்கலா சிவகிரி. டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி யாத்திரை. மஞ்சள் உடையில் பக்தர்கள் திரள்வதால் அறை கிடைப்பது சிரமம். நம் ஆடி அமாவாசையும் அவர்களின் கர்க்கடக வாவும் ஒன்றே. அன்று கடற்கரையில் நெரிசல் அதிகம். வயதானவர்களோடு போகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் குன்றின் விளிம்பில் நிற்க வேண்டாம்.