இடம் பெயர்த்து விடப்படும் குரங்குகளும் பயிர்ச் சேதமும்

விழுப்புரம் ஜில்லா மரக்காணம் உப்பளக் கரையில் அமைந்த கூனிமேடு முதலிய ஊர்களில் நன்செய் நிலம் சொற்பம். மணற்பாங்கான புன்செய்களில் மணிலாக் கொட்டையும், தர்பூசணியும், தென்னையும், முந்திரியும், சவுக்குமே குடியானவர்களின் ஜீவனத்திற்கு ஆதாரமாயுள்ளன. இத்தகைய ஊரொன்றில் ஒரு குரங்குக் கூட்டம் வந்து நிலைத்துவிடுமாயின், அதனால் விளையும் நஷ்டம் எளிதில் ஈடு செய்யக் கூடியதன்று. விதைத்த பருப்பைக் கிளறித் தின்னும்; காய் முற்றும் பருவத்தில் செடியையே பிடுங்கி எறியும்; தர்பூசணியை ஒரு வாய் கடித்துவிட்டு அடுத்த காய்க்குத் தாவும்; தென்னையில் இளங்காய்களைத் திருகித் தள்ளும். குரங்கு தின்பது கொஞ்சம், பாழாக்குவது அதிகம் என்பதைப் பயிரிடுவோர் யாவரும் அறிவர்.

இவ்வுபத்திரவம் மேலிட்ட இடங்களில் ஊரார் முதலில் நாடும் பரிகாரம் ஒன்றுண்டு. கூண்டு வைத்துக் குரங்குகளைப் பிடித்து, வண்டியிலேற்றி, இருபது முப்பது மைல்களுக்கு அப்பால் ஆளில்லாத இடமெனத் தோன்றும் ஓரிடத்தில் திறந்து விட்டு வருவதே அது. இம்முறை உண்மையில் பயன் தருகின்றதா, அன்றி ஒருவர் துன்பத்தை மற்றொருவர் தலையில் ஏற்றுவதா என்பது மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் நன்கு ஆலோசிக்க வேண்டிய விஷயமாகும்.

பிற தேசங்களில் நேர்ந்தவை

குரங்கு தனக்கு உரியதல்லாத நாட்டில் விடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகில் பல திருஷ்டாந்தங்கள் உள்ளன. ஆங்கிலக் கம்பெனியார் கூனிமேட்டில் ஒரு பண்டகசாலை அமைத்திருந்த 17-ஆம் நூற்றாண்டிலேயே, இந்து மகா சமுத்திரத்திலுள்ள மொரீஷியஸ் தீவில் கீழைத் தீவுகளுக்குரிய நீள்வால் குரங்குகள் பெருகிவிட்டன. அவற்றைக் கொண்டு சென்றவர்கள் ஐரோப்பியக் கப்பல்காரர்களே. அத்தீவில் அதற்கு முன் குரங்கு என்பதே கிடையாது. பிற்காலத்தில் நம் தமிழ் மக்களும் சென்று பாடுபட்ட கரும்புத் தோட்டங்களில் அக்குரங்குகள் பெருஞ் சேதம் விளைவித்தன. அத்தீவிற்கே உரிய அபூர்வப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அவை இன்றளவும் தின்று வருகின்றன. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய செயின்ட் கிட்ஸ் தீவிற்கு அதே நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பச்சைக் குரங்குகளின் சந்ததி இன்றும் அங்குள்ள தோட்டக்காரர்களின் காய்கனிகளைக் கொள்ளையிடுகின்றது.

அமெரிக்காவில் புளோரிடா நாட்டிலுள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. 1938-ஆம் ஆண்டையொட்டி, அங்கே படகு ஓட்டிய ஒருவர், பிரயாணிகளுக்கு வேடிக்கையாயிருக்கட்டும் என்று கருதி, ஆற்றின் நடுவே ஒரு திட்டில் சில செம்முகக் குரங்குகளை விட்டார். தண்ணீரைத் தாண்டி அவை வெளியே போகா என்பது அவர் எண்ணம். குரங்குகளோ நன்றாக நீந்தத் தெரிந்தவை. வெகு விரைவில் கரையேறிக் காட்டிற்குள் புகுந்துவிட்டன. 1984 முதல் 2012 வரை ஆயிரத்திற்கும் மேற்பட்ட குரங்குகளைப் பிடித்து அப்புறப்படுத்திய பின்னரும் அவற்றின் வம்சம் அங்கு அற்றுப்போகவில்லை. மனிதருக்கு அபாயம் விளைவிக்கக் கூடிய ஒருவகை நோய்க் கிருமி அவற்றின் எச்சிலில் வெளிப்படுவதாக 2018-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

அதே 1938-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட சுமார் 400 செம்முகக் குரங்குகள் போர்ட்டோ ரிக்கோவையடுத்த கயோ சாந்தியாகோ என்னும் சிறு தீவில் ஆராய்ச்சிக்கென விடப்பட்டன. அக்கூட்டத்திலிருந்து சில குரங்குகளை 1966-இல் டெசெச்சியோ என்ற பறவைத் தீவிற்குக் கொண்டு சென்றனர். அங்கே ஏராளமாகக் கூடு கட்டி வந்த கடற்பறவைகளின் முட்டைகளை அவை தின்று தீர்த்தமையால், பறவைகள் அத்தீவையே துறக்க நேர்ந்தது. பின்னர் அக்குரங்குகளை ஒழிப்பதற்குப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியதாயிற்று. விடுவதற்கு ஒருநாள் போதும். திரும்பப் பிடிப்பதற்கு ஒரு தலைமுறையும் போதாது என்பது இவற்றால் விளங்கும்.

நம் தேசத்தின் நிலைமை

தென்னிந்தியாவிற்கு இயற்கையாக உரியது நாட்டுக் குரங்கு. தலையுச்சியில் மயிர் குல்லாய் போல விரிந்திருப்பதும், வால் உடலினும் நீண்டிருப்பதும் இதன் அடையாளங்கள். வடநாட்டிற்கு உரியது செம்முகக் குரங்கு. இதற்கு வால் குட்டை, பின்புறம் சிவந்திருக்கும், தலையில் குல்லாய் கிடையாது. மேற்கே தபதி நதியையும் கிழக்கே கோதாவரியையும் இவ்விரு ஜாதிகளுக்கும் இடைப்பட்ட எல்லையாக முன்னோர் வரையறுத்திருந்தனர். ஆனால் செம்முகக் குரங்கு அவ்வெல்லையைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் இறங்கி, நாட்டுக் குரங்கின் இடத்தைப் பற்றி வருகின்றது என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சியொன்று தெரிவித்தது. அது தானாகப் பரவியதோடு, பட்டணங்களில் பிடித்த குரங்குகளை மனிதர் கொண்டுபோய் வேறிடங்களில் விட்டதும் இதற்கு ஒரு காரணமென்று கூறப்படுகின்றது.

நாட்டுக் குரங்கின் நிலையோ நாம் நினைப்பது போல் இல்லை. மைசூரைச் சூழ்ந்த நெடுஞ்சாலைகளில் 25 ஆண்டுக் காலத்தில் அவற்றின் தொகை 65 விழுக்காட்டிற்கு மேல் குறைந்துவிட்டதாகக் கணக்கெடுத்தோர் 2017-இல் வெளியிட்டனர். சாலையை அகலப்படுத்துவதற்காக ஆலும் அத்தியும் வெட்டப்பட்டமை இதற்கு முக்கிய காரணம். மொத்தத்தில் குரங்கு குறைந்துவர, வயலிலும் வீட்டிலும் குரங்கு மிகுந்து தோன்றுவதன் காரணம் இதுவே: நிழலும் பழமும் தந்த சாலை மரங்களை இழந்த கூட்டங்கள் ஊருக்குள் வந்து தங்குகின்றன.

பிடித்து வேறிடத்தில் விடுவதால் பயனுண்டா?

இதனை ஆராய்வதற்குக் குரங்குக் கூட்டத்தின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கூட்டத்திற்கு நிலையான மூலம் மந்திகளே. அவை பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுவதும் தங்கும். கடுவன்களோ பருவம் அடைந்தபின் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டங்களைத் தேடிச் செல்லும். ஆகையால், முரட்டுக் கடுவன் ஒன்றிரண்டைப் பிடித்து அகற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றெண்ணுவது தவறு. சில நாட்களில் வேறு கடுவன்கள் வந்து சேரும். மந்திகள் வழக்கம் போல் ஈன்று வரும்.

கூட்டம் முழுவதையும் பிடித்து அகற்றினும், இரையும் நீரும் உறங்குமிடமும் அவ்வூரில் முன்போலவே இருக்குமாயின், அயலூர்க் கூட்டம் அவ்விடத்தை நிரப்பும். இழுத்துச் செல்லப்பட்ட கூட்டமோ, புதிய காட்டில் எந்த மரம் எப்போது பழுக்கும், நீர் எங்கே கிடைக்கும் என்பதை அறியாது. மனிதரிடம் தின்று பழகியதாதலால், அருகிலுள்ள ஊரைத் தேடிச் செல்லும். ஓரூரின் தொல்லை இவ்வாறு ஈரூர்த் தொல்லையாகின்றது.

உப்பளக் கரையை ஆளில்லாத வெளி என்று கருதிக் குரங்குகளை விடுவது எல்லாவற்றிலும் தகாத செய்கை. பாத்திகளில் உப்பு நீரன்றிக் குடிநீர் இல்லை. தங்குவதற்குப் பெருமரம் இல்லை. அங்கு விடப்பட்ட விலங்கு அன்றைய பொழுதிற்குள்ளாகவே கிணறும் தோப்பும் உள்ள ஊரை நோக்கி வந்துவிடும். மேலும், மரக்காணத்தையடுத்த கழுவேலி நீர்நிலை 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆள்காட்டி போன்ற பறவைகள் வெறுந்தரையில் முட்டையிடுபவை. டெசெச்சியோத் தீவில் நேர்ந்தது இங்கும் நேரலாகாது. கூனிமேட்டிற்குத் தெற்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த பழங்காடு, இக்கரையில் எஞ்சியுள்ள சில பசுமைக் காடுகளில் ஒன்று. அச்சிறு காட்டில் வெளியூர்க் கூட்டங்களைக் கொண்டுவந்து நிரப்பினால், இருக்கும் கனி போதாது அவை சுற்றுப்புற நிலங்களில் இறங்கும்.

செய்யத் தக்கவை

1. இரையை நிறுத்துதல்: கோயில் வாசலிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் குரங்குகளுக்குப் பழமும் பண்டமும் போடுதலை ஊராட்சியார் தடுக்க வேண்டும். புண்ணியம் கருதிச் செய்வோருக்கு, அதனால் அண்டை நிலத்துக்காரர் அடையும் நஷ்டத்தை எடுத்துச் சொல்லுதல் நலம். எச்சில் இலைகளையும் குப்பையையும் திறந்த வெளியில் கொட்டாது மூடிவைத்து அகற்றுதல் அவசியம்.

2. காவல்: குரங்கு இரவில் உயர்ந்த மரங்களில் உறங்கிப் பகலில் மேய்வது. ஆதலால் விடியற்காலையிலும் மாலையிலும் காவல் பலமாக இருக்க வேண்டும். விதைத்த முதல் இரண்டு வாரங்களும், காய் முற்றிய கடைசி மூன்று வாரங்களும் மணிலாவிற்கு முக்கியமானவை. தனித்தனியே காவல் காப்பதினும், அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் ஒரே சமயத்தில் விதைத்து, முறைவைத்துக் காப்பது செலவைக் குறைக்கும்.

3. பயிர் அமைப்பு: தோப்பையும் குடியிருப்பையும் ஒட்டிய வரப்போரங்களில், குரங்கு அதிகம் நாடாத மிளகாய், ஆமணக்கு போன்றவற்றைப் பயிரிட்டு, தர்பூசணியையும் மணிலாவையும் உட்புறத்தில் வைத்துக் கொள்ளலாம். மரக்கிளைகள் வயலின் மீது கவிந்திருந்தால் வெட்டிவிடுதல் நன்று.

4. மரம் நடுதல்: புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் ஆல், அரசு, அத்தி, நாவல் முதலியவற்றை ஊருக்குச் சற்று விலகி நட்டு வளர்த்தால், பிற்காலத்தில் குரங்குகள் அங்கேயே தங்க இடமுண்டாகும். இதன் பயன் உடனே கிட்டாது. ஆயினும் மூலகாரணத்தைத் தீர்ப்பது இதுவே.

5. கருத்தடை: இமாசலப் பிரதேசத்தில் 2007 முதல் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டுள்ளது. குரங்கு நெடுநாள் வாழும் பிராணியாதலால் இதன் பலன் மெதுவாகவே தெரியும். வன இலாகாவினரும் கால்நடை வைத்தியர்களுமே இதனைச் செய்யத் தக்கவர்கள்.

6. கடிபட்டால்: காயத்தைச் சவுக்காரமும் ஓடுநீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். வெறிநோய்த் தடுப்பு ஊசியை அலட்சியம் செய்யலாகாது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுக் குரங்கு காக்கப்பட்ட பிராணியாகும். வன இலாகாவின் அனுமதியின்றி அதனைப் பிடிப்பதும், கொல்வதும், விஷம் வைப்பதும், வேறிடத்திற்குக் கொண்டு செல்வதும் குற்றம். 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தில் வடநாட்டுச் செம்முகக் குரங்கு அச்சட்டத்தின் அட்டவணைகளிலிருந்து நீக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்டு நம் நாட்டுக் குரங்கிற்கும் அவ்விதி பொருந்தும் என மயங்குதல் கூடாது. சேதம் நேர்ந்தவுடன் சர்வே எண், பயிர், பரப்பு, நாள், கூட்டத்தின் தோராயமான எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வனச்சரக அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். குல்லாய் இல்லாத குட்டைவால் குரங்கு புதிதாகத் தென்பட்டால் அதனைத் தனியாகக் குறிப்பிடுவது அவசியம். அது தானே வந்ததன்று, யாரோ கொண்டுவந்து விட்டது என்பது பெரும்பாலும் நிச்சயம்.

இரவு நேரத்தில் வண்டியில் கூண்டு கொண்டுவந்து திறந்துவிடுவோர் எவ்வூராராயினும், அதனைக் கண்டவர்கள் வாளாவிருத்தல் தகாது. இன்று நம் எல்லையில் விடப்பட்ட குரங்கை நாளை நாம் அடுத்தவர் எல்லையில் விட்டால், இவ்வலைச்சலுக்கு முடிவில்லை. இரையை நிறுத்துவதும், சேர்ந்து காவல் காப்பதும், மரம் வைப்பதும் மெதுவான வழிகளே எனினும், ஒரு தாலுகாவின் ஊர்கள் யாவும் ஒத்து நடந்தால் நஷ்டம் ஆண்டுக்காண்டு குறையும்; அண்டை ஊராரோடு பகையும் வளராது.