பின்கட்டுக்கு வாங்க, சத்திரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன்!

காலை எட்டு மணி. கடைசி யாத்ரிகரும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியாச்சு. ஸ்பெயினின் ‘காமினோ’ என்ற யாத்திரைப் பாதையின் சத்திரங்களில் சுவாரஸ்யமே இனிதான் ஆரம்பம்! வாங்க, பின்கட்டு வழியாக உள்ளே நுழைந்துவிடலாம்.

பிரான்ஸ் நாட்டு எல்லையோரம் உள்ள சான் ழான் பியே த போர் ஊரிலிருந்து சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயம் வரை ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நடை. வழி நெடுக ‘ஆல்பெர்கே’ எனப்படும் யாத்ரிகர் சத்திரங்கள். ரொன்செஸ்வாயெஸ் மடத்துச் சத்திரத்தில் மட்டும் 183 படுக்கைகள்! முன்பின் தெரியாதவர்கள், ஆளுக்கொரு பாஷை, அடுக்குக் கட்டில்களில் பக்கம் பக்கமாகப் படுத்துத் தூங்குகிறார்கள். இத்தனை பேருக்கும் காவல் யார்? ‘ஓஸ்பித்தலேரோ’ எனும் சத்திரப் பொறுப்பாளர்தான். பல இடங்களில் இவர் சம்பளம் வாங்காத தொண்டர், தானே முன்பு இந்த வழியை நடந்து முடித்தவர்.

அதோ பாருங்கள், கையில் டார்ச் லைட்டோடு மண்டியிட்டிருக்கிறாரே, அவர்தான்! மெத்தையைத் தூக்குகிறார். தையல் விளிம்பு முழுக்க விரலை ஓட்டுகிறார். கட்டில் சட்டத்தின் இடுக்கிலும், ஆணி இறங்கிய ஓட்டையிலும் வெளிச்சம் அடிக்கிறார். தேடுவது மிளகுத்தூள் அளவு கரும்புள்ளிகளை. மூட்டைப்பூச்சியின் தடயம் அது! ஒன்று கண்ணில் பட்டாலும் போதும், அந்தக் கட்டிலில் அன்றைக்கு ஆள் கிடையாது. முதுகுப்பையைப் படுக்கைமேல் வைக்காதே என்று அத்தனை கறாராகச் சொல்வது இதற்காகத்தான். பூட்ஸைக் கழற்றி வாசல் பக்கத்து அலமாரியில் வைக்கச் சொல்வது தரையின் சுத்தத்துக்காக.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அடுத்தது. ஒவ்வொருவர் கையிலும் ‘கிரெதென்சியால்’ என்ற யாத்ரிகர் அட்டை இருக்கிறது. தங்கும் ஊரிலெல்லாம் அதில் தேதியோடு முத்திரை விழும். யாருக்காவது உடம்பெல்லாம் கடித்திருந்தால் அட்டையைப் பிரித்தாலே போதும், நேற்று எங்கே படுத்தார், முந்தாநாள் எங்கே என்று வரிசையாகத் தெரிந்துவிடும். பக்திக்காகக் குத்திய முத்திரை துப்பறியவும் உதவுகிறது!

பாஸ்போர்ட்டைக் கேட்பதும் சும்மா இல்லை. தங்குபவர் விவரத்தைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது ஸ்பெயினில் சட்டம். 2024 டிசம்பர் 2 முதல் அதை 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியே அனுப்பியாக வேண்டும். இரவு பத்து மணிக்குப் பெரும்பாலான சத்திரங்களில் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். மடித்து வைத்த பெட்ஷீட்டையும் பொறுப்பாளரின் புன்னகையையும் பார்த்து இது இளகிய இடம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் கிரான்யோன் ஊருக்குப் போனால் கதையே வேறு. தேவாலயத்தை ஒட்டிய சத்திரத்தில் தரையில் விரித்த மெத்தைகள்தான் படுக்கை. காணிக்கைப் பெட்டி பூட்டே இல்லாமல் திறந்து கிடக்கிறது! முடிந்ததைப் போடுங்கள், தேவை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அங்கே ஏற்பாடு. பக்கத்து ஊரான சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதாவிலோ ஒரு சத்திரத்துத் திருட்டுப் புராணமே உண்டு. வேலைக்காரப் பெண் வெள்ளிக் கிண்ணத்தை ஓர் இளைஞனின் மூட்டையில் ஒளித்து வைத்தாளாம். அவனைத் தூக்கில் போட்டும் உயிர் போகவில்லையாம். அதை நம்பாத நீதிபதியின் தட்டில் இருந்த பொரித்த சேவல் எழுந்து கூவியதாம். அதன் நினைவாக இன்றும் அந்த ஊர்ப் பேராலயத்துக்குள் உயிருள்ள சேவலும் கோழியும் கூண்டில் இருக்கின்றன!

சத்திரத்துச் சுவருக்கு வெளியே நிலைமை எப்போதும் இவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. 2015-ல் அஸ்தோர்கா அருகே தனியாக நடந்த ஓர் அமெரிக்கப் பெண் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தை மறைத்துவிட்டு இந்த வழியைப் புகழ எனக்கு மனம் வராது. இன்று குவார்தியா சிவில் காவலர்கள் பாதையில் ரோந்து வருகிறார்கள். ‘அலர்ட்காப்ஸ்’ என்ற அரசுச் செயலியில் பொத்தானை அழுத்தினால், நீங்கள் இருக்கும் இடம் நேராகக் காவல் துறைக்குப் போய்விடும்.

நீங்களும் கிளம்பப் போகிறீர்களா? கிளம்புங்கள், தயங்கவே வேண்டாம்! பாஸ்போர்ட், பணம், போன் மூன்றையும் நீர் புகாத சிறு பையில் போட்டுக் குளிக்கும்போதும் கையோடு கொண்டுபோங்கள். தூங்கும்போது அது தலையணைக்கு அடியில் இருக்கட்டும். அலர்ட்காப்ஸை முதல் நாளே போனில் ஏற்றிவிடுங்கள். அவசர எண் 112.