மாத்திரை இல்லை, ஊசி இல்லை... மூச்சுத்திணறலுக்கு நடை வைத்தியம்! ஆராயும் இளைஞர்களை யார் கண்டுகொள்வது?

வெள்ளகோவில்:

மில் வேலை, தறி வேலை பார்த்தவர்கள் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குதுங்க... மாடிப்படி ஏற முடியலீங்க." ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார்கள். "இனி ஒரு வேலையும் செய்யாதீங்க, சும்மா உக்காருங்க" என்று வீட்டில் சொல்வார்கள். அப்படி உட்கார்ந்தவர் நாளடைவில் கட்டிலோடு கட்டிலாகி விடுவார்.

ஆனால் உட்கார வைப்பதுதான் தப்பு என்கிறது மருத்துவம். மூச்சு வாங்கும் ஆளை முறையாக நடக்க வைத்து, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்தால், அவர் தன் வேலையைத் தானே பார்க்கும் அளவுக்குத் தேறலாம். இதற்கு நுரையீரல் மறுவாழ்வு சிகிச்சை என்று பெயர். டாக்டர்கள் 'பல்மனரி ரீஹேப்' என்பார்கள். உலகம் முழுக்க இதை வளர்த்ததில் பெரும் பங்கு பிசியோதெரபிஸ்டுகளுக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கும் உண்டு. அவர்களைக் கவுரவிப்பதில் நமக்கு என்ன லாபம்? லாபம் நமக்குத்தான் என்பதே விஷயம்.

லீவு முடிந்தால் நெஞ்சு இறுக்கம்

வெள்ளகோவில் வட்டாரத்தில் விசைத்தறியும் உண்டு, கழிவுப் பஞ்சில் நூல் எடுக்கும் ஓ.இ. மில்களும் உண்டு. பஞ்சு தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் வரும் நோய் பிசினோசிஸ். இதன் ஆரம்ப அடையாளம் விசித்திரமானது. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். மறுநாள் குறைந்து விடும். "நேத்து சரியா தூங்கல, அதான்" என்று விட்டு விடுவோம். போகப்போக எல்லா நாளும் வரும். கடைசியில் வேலையை விட்டாலும் போகாது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950-களில் ரிச்சர்டு ஷில்லிங் என்ற டாக்டர் தொழிலாளிகளிடம் 'எந்தக் கிழமை நெஞ்சு இறுகுது?' என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்த நோயைப் படிப்படியாக வகை பிரித்தார். திங்கட்கிழமைதான் விடை. இன்று நம் நாட்டில் தொழில் சார்ந்த நோய்களின் சட்டப் பட்டியலிலும் பிசினோசிஸ் இருக்கிறது.

நுரையீரல் திரும்பாது, கால் திரும்பும்

முற்றிப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. இதை மறைக்கக் கூடாது. அப்புறம் பயிற்சி எதற்கு? மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைத்தால் கால் தசை சுருங்கும். சுருங்கிய தசைக்கு அதே பத்து அடி நடக்கவும் அதிகக் காற்று வேண்டும். மூச்சு இன்னும் வாங்கும், நடை இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைப்பதுதான் பயிற்சி. வாரம் இரண்டு மூன்று நாள், 6 முதல் 8 வாரம். நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, விசில் அடிப்பது போல் உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவது... இவ்வளவுதான்.

கேட்டால் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு இது பலன் தருகிறதா என்று நடந்த 65 ஆய்வுகளை, மொத்தம் 3,822 பேர் விவரத்தோடு, காக்ரேன் அமைப்பு 2015-ல் அலசியது. மூச்சுத்திணறல் குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது என்பது அதன் முடிவு.

10 மீட்டரில் ஒரு கண்டுபிடிப்பு

நோயாளி எவ்வளவு தேறினார் என்று அளக்க வேண்டுமே! இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சாலி சிங் என்ற பிசியோதெரபிஸ்ட், 1992-ல் தன் குழுவினருடன் ஒரு எளிய வழியை வெளியிட்டார். 10 மீட்டர் தடம், இரண்டு பக்கமும் அடையாளக் கூம்பு. 'பீப்' சத்தத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நடக்க வேண்டும். நிமிஷத்துக்கு நிமிஷம் வேகம் கூடும். விலை உயர்ந்த மெஷின் வேண்டாம். இன்று பல நாடுகளில் இந்தச் சோதனை நடக்கிறது. பின்னாளில் பேராசிரியரான அவரது தலைமையில் இந்தியா, இலங்கை, உகாண்டா, கிர்கிஸ்தான் நாடுகளுக்கான மறுவாழ்வு ஆராய்ச்சித் திட்டமும் நடந்தது.

வங்கதேசத்தின் குல்னாவைச் சேர்ந்த டாக்டர் மன்சூர் ஹபீப், வசதி குறைந்த இடங்களில் இந்தச் சிகிச்சை எடுபடுமா என்று குழுவினருடன் ஆராய்ந்து 2020-ல் கட்டுரை வெளியிட்டார். நம்மைப் போன்ற ஊர்களுக்குத் தேவையான கேள்வி இதுதான்.

மாலை யாருக்கு?

அமெரிக்க தொராசிக் சங்கத்தில் நுரையீரல் மறுவாழ்வுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. புதிதாக ஆராய்ச்சிக்கு வரும் இளையவர்களைத் தட்டிக் கொடுத்துக் கவுரவிக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. இப்படி ஒரு விருது வந்தால் வெறும் கேடயத்தோடு போவதில்லை. மூத்தவர்கள் கண்ணில் படுவார்கள், அடுத்த ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்க வழி பிறக்கும்.

இங்கே? புது மாத்திரை என்றால் விற்கக் கம்பெனி இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. நடையை யார் விற்பார்கள்? தமிழ்நாட்டில் முதுநிலை பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் இருதயம், நுரையீரல் பிரிவில் ஆய்வேடு எழுதித்தான் பட்டம் வாங்குகிறார்கள். அதில் எத்தனை அலமாரியை விட்டு வெளியே வரும்? வேறு வேலை கிடைத்தால் ஆளும் போய்விடுவார்.

நஷ்டம் நமக்கு. 12 மணி நேர ஷிப்டு பார்க்கிறவர், வாரம் இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கோவைக்கு பஸ் ஏற முடியுமா? வீட்டிலேயே பயிற்சி கொடுத்தால் போதுமா? மில் கேட்டுக்குப் பக்கத்திலேயே நடக்க வைக்கலாமா? லெஸ்டரில் இருப்பவர் இதற்குப் பதில் தேட மாட்டார். பெருந்துறை சானடோரியம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் இடத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருப்பூரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி பிசியோதெரபியும் வருகிறது. ஆராயும் இளைஞருக்குத் தளம் தயாராக இருக்கிறது. மில் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு பரிசும் கொஞ்சம் ஆராய்ச்சிப் பணமும் கொடுக்க முன்வந்தால் போதும். கோவில் விழாவுக்கும் கிரிக்கெட் கோப்பைக்கும் கொடுக்கிற ஊர்தானே இது!

அதுவரை, மூச்சு வாங்குகிறவர்கள் டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தக் கிழமை நெஞ்சு இறுகுகிறது என்று சொல்ல மறக்காதீர்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை உண்டா, பிசியோதெரபி பிரிவுக்கு எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. நெஞ்சு வலி, மயக்கம் உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் தாங்களாகப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.