விளையாட்டுக் கருவியும் டிரம் பெடலும்

மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டிகளிலே ஒரு காலத்தில் பெரிய முரசை அடிப்பதற்கு ஒருவரும், சிறிய முரசை அடிப்பதற்கு மற்றொருவரும் இருந்தனர். 1909ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து லட்விக் சகோதரர்கள், காலால் மிதித்துப் பெரிய முரசை விரைவாக முழக்கவல்ல பெடல் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அத்தகைய பெடல்களின் உதவியால் ஒருவரே பல முரசுகளையும் இசைக்கும் வழக்கம் வேரூன்றியது. அந்தப் பெடல் இப்பொழுது வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னும் வந்து அமர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தார் 2007இல் "றொக் பான்ட்" என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டனர். அதற்குரிய டிரம் கருவியில் நான்கு வர்ணத் தட்டுகளும் ஒரு பெடலும் உண்டு. திரையிலே செம்மஞ்சட் கோடு குறுக்காக வந்து சேரும்போது பெடலை மிதித்தல் வேண்டும். இவ்விளையாட்டில் கிட்டார் வடிவான கருவியின் பொத்தான்களை அழுத்துபவர் கிட்டார் வாசிக்கக் கற்பதில்லை. டிரம் அடிப்பவரோ மெய்யான தாளத்துக்குரிய கை கால் அசைவுகளையே பழகுகின்றார். ஆதலால் அவருக்கு நல்ல பெடல் அமைவது முக்கியமாகும்.

முதற்பதிப்போடு வந்த பெடல் பிளாஸ்டிக்கினால் ஆனது. ஓயாது மிதித்தால் வெடித்துவிடுவதுண்டு. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பின் பெடலுக்கு உலோகத் தகடு பொருத்தினர். வீட்டில் மின்னணு டிரம் வைத்திருப்போர், "உறுதியான இப்பெடலையே விளையாட்டுக்கும் உபயோகிக்கலாகாதா?" என்று வினவுதல் இயல்பே. உபயோகிக்கலாம், ஆனால் வயரைச் செருகினால் மட்டும் போதாது.

காரணம் யாதெனில், விளையாட்டுப் பெடல் வெறும் சுவிட்சாகும். மிதித்ததும் காந்தமொன்று நெருங்கி மின்சுற்றை மூடுகின்றது. மின்னணு டிரம்மின் பெடலோ பெரும்பாலும் ஒரு தட்டை அடிக்கின்றது. அத்தட்டினுள் இருக்கும் பியசோ என்னும் உணரி, அதிர்வைக் கணநேர மின்துடிப்பாக மாற்றுகின்றது. ஒன்று சுற்றை மூட, மற்றது துடிப்பை அனுப்புவதால் இரண்டும் நேரே ஒத்துப்போவதில்லை. செருகிகளும் வேறுபடும்: விளையாட்டு டிரம்முக்கு 3.5 மில்லிமீற்றர், மின்னணு டிரம்முக்கு 6.3 மில்லிமீற்றர். உங்கள் பெடல் சாதாரண வேளையில் திறந்திருக்கும் சுவிட்ச் வகையாயின், செருகியின் அளவை மாற்றும் சிறு இணைப்பானே போதும்.

பியசோ வகையாயின் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். 1983 முதல் இசைக்கருவிகளுக்குப் பொதுமொழியாக விளங்கும் "மிடி" முறையே அது. பெடலின் துடிப்பை டிரம் மொடியூல் பெற்று, பெரிய முரசுக்கு வழக்கமான 36ஆம் இலக்கத்தையும் அடியின் வேகத்தையும் செய்தியாக அனுப்பும். ஐந்து ஊசிச் செருகியுடைய வயர் வழியே இச்செய்தி செல்ல ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன்தான் ஆகும். 2008இல் வந்த "கிட்டார் ஹீரோ வேர்ல்ட் ரூர்" விளையாட்டின் டிரம்மிலேயே மிடி வாயில் இருந்தது. 2010இல் "றொக் பான்ட் 3" வெளிவந்தபோது, மாட் கட்ஸ் நிறுவனம் இதற்கெனத் தனி மிடி இணைப்பானை விற்றது. அந்நிறுவனம் 2017இல் முறிவடைந்தமையால் அதனைப் பழைய பொருளாகவே தேடிப் பெறல் வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக் கருவிக்கும் வெவ்வேறு இணைப்பான் செய்யப்பட்டதால், உங்கள் கருவிக்குரியதா என்று பார்த்தே வாங்குக.

இணைத்தபின் இரண்டு காரியங்களைச் சீர்செய்க. கைத்தட்டுகளின் அதிர்வு பரவி, மிதியாத பெடலும் மிதிபட்டதாகப் பதியக்கூடும். மொடியூலில் உணர்திறனைச் சற்றுக் குறைத்தால் அது நீங்கும். தொலைக்காட்சியில் படம் சிறிது பிந்தித் தோன்றுவதுமுண்டு. விளையாட்டிலுள்ள நேரச் சீரமைப்பினால் அதனைத் திருத்தலாம். இதைச் செய்யாவிடின், சரியாக மிதிக்கும் பிள்ளையும் தவறு தன்னதே என்றெண்ணி மனம் தளர்ந்துவிடும்.

மாடி வீட்டில் வசிப்போர் பெடலின் கீழே தடித்த விரிப்பொன்றை இடுதல் நன்று. காதில் ஹெட்போன் அணிந்த பிள்ளைக்குத் தன் காலோசை கேளாது. கீழ்வீட்டாருக்கோ நன்றாகக் கேட்கும். விளையாட்டு ஒருநாள் சலித்துப்போகலாம். அப்பொழுது வயரைக் கழற்றிவிட்டு அதே டிரம்மிலே பிள்ளை தாளம் பயிலட்டும். பழகிய கால் அதற்கு ஆயத்தமாகவே இருக்கும்.