மாஸ்கோவுக்குப் போன லேசர்

ஒரு கோடி டிகிரி வெப்பத்தை எதைக் கொண்டு அளப்பது?

1968-இல் சோவியத் விஞ்ஞானி ஆர்ட்சிமோவிச், மாஸ்கோவின் டி-3 டோக்கமாக் என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியில், பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயு அந்தச் சூட்டை எட்டிவிட்டதாக அறிவித்தார். மேலை நாடுகளில் பலர் நம்பவில்லை. நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்று பிரிட்டன் விஞ்ஞானிகளை அழைத்தார் அவர். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம்! பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வுக்கூடத்துக் குழு, டன் கணக்கில் கருவிகளுடன் போய் இறங்கியது. அதில் ஒருவர் டெரெக் ராபின்சன்; வயது முப்பதைத் தொடவில்லை.

ரூபி லேசரின் சிவப்பு ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சினார்கள். எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறி வருவது துளியளவு ஒளிதான். எலெக்ட்ரான்கள் சூடேறி வேகமாக ஓட ஓட, அந்தச் சிவப்பு நிறம் இருபுறமும் விரியும். அந்த விரிவுதான் வெப்பமானி. மாதக்கணக்கில் பொறுமையாக அளந்தார்கள். 1969-இல் முடிவு வந்தது: சோவியத் கணக்கு சரியே.

அணுக்கரு இணைவு ஆய்வின் திசையையே திருப்பிய அளவீடு அது. ராபின்சன் பின்னாளில் பிரிட்டனின் இணைவு ஆய்வுக்கே தலைமை ஏற்றார். இந்தியாவும் சேர்ந்து பிரான்சில் கட்டிவரும் ஐடெர் உலையும் ஒரு டோக்கமாக்தான்.