வாதமும் உணர்ச்சியும்

திருக்குற்றாலத்து ஐந்தருவியைக் கண்டு மகிழ்வார் சிலர், ஒரு நீரே ஐந்தாய் வீழ்தல்போலச் சமயங்களும் ஒன்றே. ஆதலின் இவ்வாசிரியர் பெரியர், அவ்வாசிரியர் பெரியர் என வாதித்தல் வீண் என்பர். உவமை இனிது; பொருளோ சாலாது. ஐந்தும் ஒரு நீரென்பது மலைமேலேறிக் கண்டார்க்கன்றோ துணிபாம்? சமயங்களை ஒன்றெனத் துணிவார்க்கும் முன்னர் ஆராய்ச்சி வேண்டப்படும். அவ்வாராய்ச்சியே வாதம்.

இனி, வாதிப்பார் உள்ளத்தே உணர்ச்சி கலத்தல் குற்றமோ என்பது நோக்கற்பாலது. நியாய நூலார் உண்மை காணும் விருப்பால் நிகழ்வதனை வாதமென்றும், வெற்றி விழைவால் நிகழ்வதனைச் சற்பமென்றும், தன்கோள் நிறுவாது பிறர்கோள் மறுத்தலொன்றே தொழிலாயதனை விதண்டையென்றும் பகுத்தனர். இப்பகுப்பு உணர்ச்சியின் உண்மை இன்மை பற்றியதன்று. விருப்பம் எதன்மேற் சென்றது என்பது பற்றியதேயாம்.

அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பதினான்கு மதத்தார் கொள்கைகளையும் முன்னர் அவரவர் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுத்தார். மெய்கண்ட தேவர்பால் அவர்க்கிருந்த அன்பு பெரிது. அவ்வன்பு வணக்கச் செய்யுளில் நின்றதேயன்றி, அளவைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிலது. புறச்சமயத்தாரை இங்ஙனம் அமைதியுடன் மறுத்தல் ஒருவாறு எளிது. அரிதாவது அணுக்கரை மறுத்தல். உமாபதி சிவாசாரியர் 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணம் சைவத்தோடு நெருங்கிய கொள்கைகளையே பெரும்பாலும் எதிர்நோக்கியதென்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

குற்றாலத்திற்குத் தெற்கே, அம்மலைத்தொடரின் அடியிலேயே உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றிய மாதவச் சிவஞான முனிவர் (மறைவு 1785) தருக்கசங்கிரகத்தைத் தமிழில் தந்தவர். அளவை நூலில் அவரை விஞ்சினார் அரியர். அவருடைய நூற்பெயர்களையே காண்க: 'எடுத்து' என்னும் ஒரு சொல்லைக் காத்தற்கு வைரக்குப்பாயம், இலக்கண விளக்கத்தின்மேற் சூறாவளி. வைத்தியநாத தேசிகர் செய்த அவ்விலக்கண விளக்கமோ குட்டித் தொல்காப்பியமெனப் புகழ் பெற்றது. சூறாவளிக்குப் பின்னும் பயிலப்பட்டே வருகின்றது. சூறாவளியின் வன்சொற்களை அகற்றிப் பார்க்குமிடத்து, சில தடைகள் முன்னினும் வலியவாய் நிற்கும். சிலவற்றில் வெம்மையன்றி வேறொன்றும் எஞ்சாது. முனிவர்பாற் கொண்ட பத்தியால் அவற்றையும் ஏதுவெனக் கொள்ளுதல், அவர் மொழிபெயர்த்த தருக்க நூலுக்கே மாறாம்.

1867-இல் திருவருட்பா அச்சேறியபின் எழுந்த பூசலும் இவ்வகைத்தே. ஒரு காலத்தவர் பாடலை அருட்பாவென்றும் திருமுறையென்றும் வழங்கலாமோ என்பது தக்க வினா; விடையும் அரிது. அதனை நின்று ஆராய்வார் சிலராயினர். நாவலர்பால் அன்புடையாரும் வள்ளலார்பால் அன்புடையாரும் ஒருவரையொருவர் இகழ, வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. வள்ளலார் 1874-இலும் நாவலர் 1879-இலும் மறைந்தபின்னரும் கண்டன நூல்கள் எழுதப்பட்டன. இருபாலாரும் சிவனடியாரே. பௌத்தர்க்குப் பரபக்கத்தில் வாய்த்த பொறுமை, ஒரே நீறணிந்த இவர்க்குத் தம்முள் வாய்த்திலது.

மெய்கண்டார் இளஞ்சிறாராயிருந்தபோது, முதியவரான அருணந்தியார் சென்று ஆணவமலத்தின் இயல்பு யாதென வினாவினாரென்றும், அவர் விடையொன்றுங் கூறாது வினவியவரையே நோக்கினரென்றும் மரபு கூறும். வாதிக்க வந்தவர் அந்நோக்கிற் கண்டது தம் சினத்தையே. சித்தியார் அதன் பின்னரே எழுந்தது.