கலிங்கல் தாண்டும் விரல்

கைபேசியில் நீண்ட கட்டுரை ஒன்றைப் பாதிவரை படித்துவிட்டு, மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தொடுகிறோம். மெனு விரிகிறது. அதன் கடைசி வரி வந்தபின் மறுபடியும் விரலால் தள்ளினால், மெனு அசையாமல் நிற்க, பின்னாலிருக்கும் கட்டுரை ஓடத் தொடங்குகிறது. மெனுவை மூடினால், விட்ட வரியைக் காணோம்.

உலாவி தவறு செய்யவில்லை. ஏரி நிரம்பினால் கலிங்கல் வழியே தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகிறதல்லவா? அப்படித்தான், உள்ளே இருக்கும் பெட்டியில் நகர இடமில்லை என்றால், விரலின் நகர்வு வெளிப்பெட்டிக்குப் போய்ச் சேரும். இந்த ஏற்பாடு இல்லையென்றால், கட்டுரை நடுவே வரும் ஒரு சிறு அட்டவணையில் விரல் பட்டாலே பக்கம் சிக்கிக்கொள்ளும். வாசகருக்கு உதவும் இதே ஏற்பாடுதான் மெனுவில் உபத்திரவமாகிறது.

முன்பெல்லாம் இதைத் தடுக்க நிரலாளர்கள் ஒவ்வொரு தொடுதலையும் ஜாவாஸ்கிரிப்ட்டால் மறித்தார்கள். அதற்கு விலை உண்டு. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படச் சட்டத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. பக்கத்தின் மற்ற வேலைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதால், ஸ்க்ரோலை உலாவி தனி இழையில் நடத்துகிறது. ‘நான் தடுக்கலாம்’ என்று ஒரு நிரல் குறுக்கே நின்றால், அதன் பதில் வரும்வரை பக்கம் நகர முடியாது. விரலுக்குக் கீழே திக்கித் திணறும்.

2017-இல் குரோம் உலாவியின் 56-ஆம் பதிப்பு, பக்கம் முழுவதற்கும் வைத்த இத்தகைய தொடுதல் நிரல்களிடமிருந்து அந்தத் தடுக்கும் உரிமையைப் பறித்தது. ஸ்க்ரோல் வேகமானது, பல மெனுக்களின் பூட்டு உடைந்தது. அதே ஆண்டின் இறுதியில் குரோம் 63 சரியான மாற்றைத் தந்தது: ‘ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்: கன்டெய்ன்’ என்ற ஒற்றை சிஎஸ்எஸ் வரி. மெனுவின் கலிங்கலை மட்டும் அது அடைக்கிறது. ஐபோனின் சஃபாரிக்கு அது 2022-இல், 16-ஆம் பதிப்பில்தான் வந்தது.

அதே 2022-இல் இன்னொரு சிக்கலும் தீர்ந்தது. முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது உள்ள உயரத்தையே ‘100 விஎச்’ என்ற அளவு கணக்கில் கொள்ளும். அதனால் பட்டை தெரியும்போது மெனுவின் கடைசி வரி திரைக்கு வெளியே போய்விடும். பட்டையோடு சேர்ந்து கூடிக் குறையும் ‘டிவிஎச்’ அளவு அதைச் சரிசெய்தது.

இரண்டே வரிகள்தாம். ஆனால் மெனுவை மூடியதும் விட்ட இடத்திலேயே கட்டுரை காத்திருந்தால், அது வாசகரின் கவனத்துக்குச் செய்யப்பட்ட மரியாதை.